அலகு குத்துமுன் காட்ட வேண்டிய பக்கம்

என் கையால் அலகு குத்திக்கொண்ட யாருக்கும் இதுவரை ரத்தம் நிற்காமல் வழிந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பத்துமலை ஆற்றங்கரையில் உறுமி முழங்க, சுற்றிலும் வேல் வேல் என்று சனங்கள் கத்த, கன்னத்தில் வேலை ஏற்றும்போது குத்துகிறவன் கை நடுங்கினால் எல்லாம் கெட்டது. என் கை நடுங்காது. லோரி டயரைக் கம்பியால் நெம்பி நெம்பி உரமேறிய கை இது.

பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கிள்ளானுக்கு வந்து, ஒரு சீனர் கடையில் டயர் கழற்றும் வேலையில் சேர்ந்தேன். இன்றைக்கு அதே சாலையில் அவர் கடையைவிட என் கடை பெரிது. துறைமுகத்துக்குப் போகும் லோரிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். டயரைத் தட்டிப் பார்த்தே ஆயுசு சொல்கிறவர் என்பார்கள். அப்படிப்பட்டவனுக்கு மனுஷ உடம்பு மட்டும் பிடிபடாமல் போனது எனக்கே ஆச்சரியம்தான். டயர் பொய் சொல்லாது, மனுஷன் சொல்வான். அதுதான் வித்தியாசம்.

எங்கள் காவடிக் குழுவில் அலகு குத்துகிறவன் நான். ஒரு தைப்பூசத்தில் பக்கத்துக் குழுவில் ஒருவருக்கு வேல் ஏற்றிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. விபூதியை அள்ளி அள்ளி அப்பினார்கள். துண்டு நனைந்ததுதான் மிச்சம். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து என் குழுவில் ஒரு சட்டம் போட்டேன். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று என்னிடம் சொல்லாமல் என் கையால் அலகு கிடையாது.

சட்டம் போட்டால் போதுமா? விரதக் காப்புக் கட்டிய பிறகு எனக்கு நோய் என்று வாயைத் திறந்தால் முருகனை நம்பாததாக அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. கால் விரலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். கேட்டால், “உடம்புல ஒண்ணுமே இல்ல சாமி, நல்லா இருக்கேன்” என்பார். சரி, மாத்திரையையாவது எடுத்து வாருங்கள் என்றேன். சொல்லி வைத்ததுபோல ஆளுக்கொரு விட்டமின் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

இந்தத் தொல்லைக்கு வழி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைத்தது. அங்கே ஒரு கிளினிக்கில்தான் நான் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துக்கொள்வது. அங்கே தாதியாக இருக்கும் பெண் எங்கள் குழுவில் பால்குடம் எடுப்பவள், கிள்ளான்காரி, எனக்குத் தங்கச்சி முறைபோல. அவள்தான் கைப்பேசியில் ஒரு செயலியைக் காட்டினாள். கிளினிக்கில் எழுதுவது, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் வந்து சேருமாம்.

“எல்லாம் இதுக்குள்ள வந்துருமா தங்கச்சி?”

“நீங்க எங்க எங்க அனுமதி கொடுக்கறீங்களோ அதெல்லாம் வரும்ணே. ஆனா இது எங்க கிளினிக் செஞ்ச செயலி இல்ல. வேற கம்பெனி. கேக்கறதுக்கெல்லாம் சரின்னு தட்டிடாதீங்க.”

செயலி முதலில் என் பிறந்த தேதியைக் கேட்டது. கொடுத்தேன். பிறகு என் கைப்பேசியில் இருக்கிற எல்லார் நம்பரையும் பார்க்கலாமா என்று கேட்டது.

“என் கொழுப்பைப் பாக்க என் கஸ்டமர் நம்பர் எதுக்கு?”

“அதான். வேணான்னு போடுங்க.”

“நீ சொல்றதுக்கு முன்னாடியே நான் யோசிச்சிட்டேன்.”

“ஆமா ஆமா, யோசிச்சீங்க. விரல் மட்டும்தான் சரி மேல இருந்துச்சு.”

வாய் ஜாஸ்தி அவளுக்கு. ஆனால் விஷயம் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. டயர் மாற்ற வருகிற லோரிக்காரன் எனக்கு டயரைக் காட்டினால் போதும். அவன் வீட்டுச் சாவியையும் நான் கேட்டால் என்னைத் திருடன் என்பான், சொல்லவும் வேண்டும். அன்றைக்கே வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் என் உடம்பின் கணக்கையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினேன். “கொழுப்பு அதிகம்னு போட்டிருக்கா? அத நான் கல்யாணத்தன்னிக்கே சொன்னேன்” என்றாள்.

அந்த வருஷம் காப்புக் கட்டிய அன்று குழுவில் எழுந்து நின்று அறிவித்தேன். இனி வாய்ச்சொல் வேண்டாம், விட்டமின் பாட்டிலும் வேண்டாம். எல்லாரும் இந்தச் செயலியைப் போட்டுக்கொண்டு அதில் மருந்துப் பக்கத்தை எனக்குக் காட்டுங்கள், கைப்பேசி பொய் சொல்லாது. எல்லாரும் கைதட்டினார்கள்.

காட்டுங்கள் என்றுதான் சொன்னேன். அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்குக் காட்டுவதென்றால் அனுப்புவதுதான். கைப்பேசியில் எங்கள் குழுவுக்கென்று ஒரு புலனம் இருக்கிறது, அதுதான் வாட்ஸ்அப். பூசை நேரம், பஸ் புறப்படும் இடம், காலை வணக்கத்துக்கு ஒரு தாமரைப்பூப் படம், எல்லாம் அதில்தான் வரும். மறுநாள் காலையில் தாமரைப்பூவுக்குப் பதில் நோய்கள் வர ஆரம்பித்தன. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர் தன் பக்கத்தை அனுப்பினார். மூலத்துக்கு மருந்து என்று அதில் தெளிவாக இருந்தது. அவ்வளவுதான்.

“அங்கிள், அதான் பஸ்ஸ நின்னுக்கிட்டே ஓட்டுனீங்களா?”

“காவடிக்கு மெத்தை போட்டுக் கொடுங்கப்பா அங்கிளுக்கு!”

அவரும் சிரிப்புப் படம் போட்டார். உள்ளே எப்படி இருந்ததோ, யாருக்குத் தெரியும். இன்னொருவன் மருந்துப் பக்கத்தை மட்டுமா அனுப்பினான்? அடையாள அட்டை நம்பர், வீட்டு விலாசம், பத்து வருஷத்து வியாதி அத்தனையும் திறக்கும் இணைப்பையே தூக்கிப் போட்டான். யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். என் மனைவி எட்டிப் பார்த்து, “ஒங்க குழு என்னா, ஆஸ்பத்திரி வார்டா?” என்றாள்.

தாதித் தங்கச்சி கடைக்கே வந்துவிட்டாள், சீருடையோடு.

“அண்ணே, என்னா செஞ்சு வச்சிருக்கீங்க? நான் வேலை பாக்கற எடத்துல இதுல ஒண்ணு வெளிய போனாலும் எனக்கு வேலை இருக்காது. நீங்க மொத்தமா கடை விரிச்சிட்டீங்க!”

“நான் எங்க விரிச்சேன்? அவங்களா அனுப்பறாங்க.”

“குழுவுக்கு நீங்கதான் தலை. மூடுங்க மொதல்ல.”

மூடினேன். இந்த மாதிரி விஷயத்தில் நான் தாமதிக்க மாட்டேன். புலனத்தில் என்னைத் தவிர வேறு யாரும் எதுவும் போட முடியாதபடி செய்தேன். அனுப்பியதை அவரவர் அழிக்க வேண்டும், பார்த்தவர்கள் சேமித்திருந்தால் அதையும் அழிக்க வேண்டும் என்று குரலிலேயே பேசி அனுப்பினேன். இணைப்பைப் போட்டவனைத் தங்கச்சி தனியாக அழைத்து, செயலிக்குள் போய் அந்த இணைப்பையே செல்லாமல் ஆக்க வைத்தாள். புலனத்தில் அழித்தால் மட்டும் போதாது, கதவு திறந்தேதான் இருக்கும் என்றாள். புதுச் சட்டமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வர வேண்டும், டயர் அடுக்குக்குப் பின்னால் ஒவ்வொருவராக நிற்க வேண்டும், தன் கைப்பேசியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு மருந்துப் பக்கத்தை மட்டும் காட்ட வேண்டும். தங்கச்சி படிப்பாள். சரி அல்லது சரியில்லை என்று மட்டும் எனக்குச் சொல்வாள். ஏன் என்று நான் கேட்க மாட்டேன். இது என் யோசனை. தன் யோசனை என்று அவள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். டயர் அடுக்கு என்னுடையதுதானே?

எல்லாரும் வந்தார்கள், ஒருவனைத் தவிர.

அவன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். குறை மாதத்தில் பிறந்த மகள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, பிழைத்தால் மூன்று வருஷம் அலகு குத்தி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவன். பிள்ளை பிழைத்தது. இரண்டு வருஷம் என் கையால்தான் வேல் ஏற்றிக்கொண்டான். கடைசி வருஷம் இது. புலனத்தில் மூலம் பற்றிய கிண்டல் ஓடிய அன்றே அவன் குழுவை விட்டு விலகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. உறுமி அடிக்கிற பையன்களில் ஒருவன்தான் சொன்னான்.

“அவரு ரவாங் குழுவுல சேந்துட்டாருண்ணே. அங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம்.”

எனக்குச் சுருக்கென்றது. மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் ரவாங் வரைக்கும் போக வேண்டும்? ஆற்றங்கரையில் நனைந்துபோன அந்தத் துண்டு என் கண்முன்னால் வந்தது. என் குழுவில் கேள்வி கேட்டதால் வேறு குழுவில் போய் ஒருவன் ரத்தம் கொட்டிக் கிடந்தால், என் கை சுத்தம் என்று நான் எப்படிப் பீற்றிக்கொள்வது?

வேலை விடும் நேரம் பார்த்துத் துறைமுகத்துப் பக்கம் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் அவனைப் பிடித்தேன். மஞ்சள் சட்டையோடு பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தான். கழுத்தில் விரத மாலை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், மரியாதை தெரிந்தவன்.

“என்னா தம்பி, ரவாங் வேல் என் வேலவிட கூரா?”

“அப்படி இல்லண்ணே.”

“பின்ன? என்னா மாத்திரை சாப்பிடறே?”

“நான் மாத்திரையே சாப்பிடறதில்ல. முருகன் மேல சத்தியம்ணே.”

ஆயிரம் லோரிக்காரனோடு பேரம் பேசியவன் நான். பொய் சொல்கிறவன் கண் எனக்குத் தெரியும். இவன் கண்ணில் பொய் இல்லை. ஆனால் பேசும்போதே மேசையில் இருந்த கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். வாய் உண்மை சொல்கிறது, கை மறைக்கிறது. அது என்ன கணக்கு?

“அப்ப காட்டு.”

“ஒங்ககிட்ட காட்டினா கிள்ளான் முழுக்க தெரிஞ்சிரும்ணே. அந்த அங்கிள என்னா பாடு படுத்தினாங்க? என் மச்சானும் அந்தக் குழுவுலதான் இருக்கான். அவனுக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிஷம் என் வீட்டம்மாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா நேர்த்திக்கடனையே நிறுத்திருவா. புள்ளைக்கு வேண்டிக்கிட்டதுண்ணே.”

“நான் பாத்தா சாமி பாத்த மாதிரி. எங்கிட்ட இருந்து ஒரு சொல் போகாது.”

யோசித்தான். பிறகு கைப்பேசியைத் திருப்பி என் பக்கம் தள்ளினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக எனக்குத் தெரியும். எல்லாம் சேர்ந்து என்ன மருந்து என்று தெரியாது. தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம், அவனுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்ததால்தான் நான் கடைக்கு முதலாளி.

“தம்பி, இத எனக்குப் படிக்கத் தெரியாது. தங்கச்சி பாக்கணும். அவ ஒருத்திதான். சரியா?”

தங்கச்சியை அழைத்து அவனிடமே பேசக் கொடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். பகிர் என்ற இடத்தில் எல்லாப் பதிவும் என்று ஏற்கெனவே தேர்ந்து வைத்திருந்ததாம். அதை எடுத்துவிட்டு மருந்து மட்டும், யாருக்கு என்ற இடத்தில் அவள் மட்டும், எவ்வளவு நேரம் என்ற இடத்தில் இன்றைக்கு மட்டும். வேலை நடக்கும்போதே நான் எழுந்து கை கழுவுகிற இடத்துக்குப் போய்விட்டேன். கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நானே. கை சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன்.

திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. அவனாகத்தான் சொன்னான். போன வருஷத் தைப்பூசத்துக்குப் பிறகு நெஞ்சு படபடவென்று தாளம் தப்பி அடித்திருக்கிறது. டாக்டர் ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார், தினமும் சாப்பிட வேண்டியது. அலகுக்கு முன்னால் நான் கேட்பேன் என்று அவனுக்குத் தெரியும். விரத மாலையோடு சாமி முன்னால் பொய் சொல்லக் கூடாது. அதனால் காப்புக் கட்டிய அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டான். சாப்பிடுவதில்லை என்று சத்தியம் செய்யலாம் அல்லவா? உண்மைக்கு உண்மையும் ஆச்சு, அலகுக்கு அலகும் ஆச்சு. அடுத்த மாத மருந்தை அவன் எடுக்கவே போகவில்லை என்பது அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. தங்கச்சி அதைத்தான் முதலில் கேட்டாளாம்.

“குத்தினா ரத்தம் போகும்னுதான்ணே நான் பயந்தேன். நிறுத்தினதுதான் அதவிட ஆபத்துன்னு அக்கா சொல்றாங்க. ரத்தம் கட்டியா ஆகி மூளைக்குப் போனா கை கால் விழுந்துருமாம். இப்பவே டாக்டரப் பாருங்கன்னு திட்டறாங்க.”

“பின்ன ஏன் ஒக்காந்திருக்க? ஏறு கார்ல.”

நானே ஓட்டினேன். கிள்ளான் சாலை நெரிசலில் என்னைப்போல் வண்டி நுழைக்கிறவன் கிடையாது. ஆஸ்பத்திரியில் அவன் உள்ளே போனான், நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள். அலகு கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மருந்து வாங்கக் காத்திருந்த நேரத்தில் தங்கச்சி மறுபடி கூப்பிட்டு, பதிவைத் தனக்குத் திறந்ததை இப்போதே மூடிவிடச் சொன்னாள். அவள் தன் பக்கத்தில் பார்த்து, இப்போது தெரியவில்லை என்று உறுதி சொன்னாள். வேறு யாருக்குத் திறந்திருக்கிறது என்றும் பாருங்கள் என்றாள். பார்த்தால், தினம் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுகிற இன்னொரு செயலி அவன் பதிவையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறது! காலில் போடுகிற சப்பாத்துக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று சொன்னதற்காக எப்போதோ சரி தட்டியிருக்கிறான்.

“சப்பாத்தாவது வாங்கினியா?”

“இல்லண்ணே. என் சைஸ் முடிஞ்சிருச்சு.”

அதையும் மூடினான். சிரித்தோம். ஆனால் காரில் திரும்பும்போது அவன் அழுதான். மூன்றாவது வருஷம் குறையாக நின்றால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. டாக்டர் இதற்கு மருந்து எழுத மாட்டார். இதற்கு நான்தான் எழுத வேண்டும்.

“தம்பி, வேல் ஒன் கன்னத்துல இருந்தா என்னா, ஒன் கையில இருந்தா என்னா? பால்குடத்துக் கழுத்துல வேலக் கட்டி நான் தரேன். தூக்கிட்டு ஏறு. கடன் தீந்துச்சுன்னு சொல்றது நான். இத்தன வருஷம் வேல் புடிச்ச கை சொல்லுது. கேப்பியா மாட்டியா?”

“கேப்பேன்ணே. ஆனா எல்லாரும் ஏன்னு கேப்பாங்களே? மச்சான் கேப்பான்.”

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அவன் ஒருவன் மட்டும் அலகு இல்லாமல் பால்குடம் தூக்கினால், கைப்பேசியே தேவையில்லை, நெற்றியில் எழுதி ஒட்டிய மாதிரி. அடுத்த பூசையில் அறிவித்தேன். இந்த வருஷம் யாருக்கு அலகு, யாருக்கு வேல் கட்டிய பால்குடம் என்று நான் சொல்வேன், காரணம் கேட்கக் கூடாது. கடா மாதிரி இருக்கிற ஆட்களாகப் பார்த்து நான்கைந்து பேரைப் பால்குடத்துக்கு ஒதுக்கினேன். அவன் மச்சானையும் சேர்த்து. மச்சான் குதித்தான்.

“எனக்கு என்னாண்ணே கொறச்சல்? தங்கச்சி சரின்னுதான சொன்னாங்க?”

“முருகன் சொல்றாரு, தூக்கு.”

“ஒங்க வாயாலயா சொல்றாரு?”

“வேற யார் வாய் இவ்ளோ பெருசா இருக்கு? தூக்கு லா.”

வீட்டில் அவன் எப்படிச் சொன்னான், என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்கள், நாங்கள் சொல்ல மாட்டோம் என்று தங்கச்சி அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதோடு விட்டுவிட்டோம்.

தைப்பூசத்தன்று வெயில் ஏறுமுன் புறப்பட்டோம். டாக்டரிடம் கேட்டு, நின்று நின்று ஏறலாம் என்று அனுமதி வாங்கி வந்திருந்தான். ஆற்றங்கரையில் என் கையால் அலகு வாங்கியவர்கள் ஒரு பக்கம், வேல் மின்னும் குடங்களோடு இவர்கள் ஒரு பக்கம். ஒரு சொட்டு ரத்தம் வழியவில்லை, வழக்கம்போல. படியில் அவன் மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் கூடவே ஏறினாள். அவன் நின்ற இடத்திலெல்லாம் அவளும் நின்றாள். மச்சான் மட்டும் வழி முழுக்க முணுமுணுத்தான். பார்க்கிறவர்கள் எல்லாம் அவனுக்குத்தான் ஏதோ வியாதி என்று நினைக்கிறார்களாம், ஒருவர் மூலமா என்றே கேட்டுவிட்டாராம்.

குகைக்குள் பாலைச் செலுத்தி, மாலையைக் கழற்றி, ஓரமாக வந்து நின்றோம். பிள்ளை அப்பா முகத்து விபூதியைத் தொட்டுத் தன் கன்னத்தில் பூசிக்கொண்டது. அவன் மனைவி கைப்பையைத் திறந்தாள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ப் பாட்டிலைத் திருகிக் கொடுத்தாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவன் விழுங்கினான்.

மச்சான் பார்த்துவிட்டான். “என்னாக்கா அது மாத்திரை? மாமாவுக்கு என்னா?”

“என் புருஷன் மாத்திரை” என்றாள் அவள், பையை மூடிக்கொண்டே. “ஒனக்கு என்னா அது? போயி எல்லாருக்கும் தண்ணி வாங்கிட்டு வா.”